பழைய நாவலுக்கு பைண்டிங்: நாகர்கோவில் பக்கத்துக் கடைகளில் எதை நம்பலாம், எதைச் சொல்லி வாங்க வேண்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பைண்டிங் செய்கிற கடைகளில் உறுதிக்குப் பெரும்பாலும் குறையிருக்காது. கணக்குப் பேரேடு, வக்கீல் ஆபீஸ் புத்தகம், பள்ளிக்கூடப் பதிவேடு என்று வருடக்கணக்கில் அடிபடுகிற சாமான்களில் பழகிய கை அது. அட்டைமேல் போடும் காலிகோ துணி சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கும், மூலைகள் நறுவிசாக மடங்கியிருக்கும். நாவலுக்கு அது மட்டும் போதாது. இடவப்பாதி மழையில் வீட்டு வாசல் படிப்புரையில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் சுக்குக் காப்பியும் மறுகையில் புத்தகமுமாக, பிடித்த நாவலைத் திரும்பவும் படிக்கிறவருக்கு அது நன்றாக விரிய வேண்டும். விரியாத புத்தகத்தை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விரல் வலிக்கும். பிறகு அது அலமாரியை விட்டு வெளியே வராது. ஆகவே பைண்டிங்கை விரிவை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பைண்டிங் தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவல் 1966இல் வந்தது. இன்றும் புதுப் பதிப்பு கிடைக்கிறது, வெளியிடும் காலச்சுவடு நாகர்கோவிலிலேயே இருக்கிறது. படிக்க மட்டும் வேண்டுமென்றால் புதுப் பிரதி வாங்குவதே நல்லது. தாத்தா கையெழுத்துப் போட்ட பிரதி, ஓரத்தில் பென்சில் குறிப்புள்ள பிரதி, இனி அச்சில் வராத நாவல் இவற்றுக்குத்தான் பைண்டிங் செலவு தகும்.

கடைக்காரர் கேட்காமலே செய்வது சைடு தையல். மொத்தத் தாளையும் அடுக்கி, முதுகு ஓரத்திலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளித் துளைபோட்டு, மேலிருந்து கீழே ஊடுருவித் தைப்பார்கள். ஒரு தாள்கூடக் கழலாது. ஆனால் தையல் தின்ற இடம் போக, தாள் அங்கே வளையாததால் இன்னும் மூன்று நான்கு மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் போய்விடும். டெம்மி என்கிற பெரிய அளவுப் புத்தகம் தாங்கிக்கொள்ளும். அதைவிடச் சின்னதான பழைய கிரவுன் அளவு நாவல்களில் உள் ஓரம் அரை அங்குலத்தைத் தாண்டுவதே அபூர்வம். அதில் சைடு தையல் போட்டால் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையோ கடைசி எழுத்தையோ தேடிப் பிடித்துப் படிக்க வேண்டிவரும்.

அதனால் கொடுப்பதற்கு முன் முதுகின் மேல்முனையைப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் ஃபாரம், அதாவது சேர்த்து மடித்த அந்தத் தாள்கட்டு, பிரியாமல் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் மடிப்பு வழியாகவே நூல் ஓட்டச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். ஆனால் நாவலுக்கு இதைவிட நல்ல பைண்டிங் கிடையாது, நடுப்பக்கம் மேசையில் படுத்துக் கிடக்கும். சொல்லாமல் விட்டால் முதுகை ஒரே வெட்டாக வெட்டி ஃபாரத்தைத் தனித்தனித் தாளாக்கிவிடுவார்கள். வெட்டிய பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது. “அண்ணாச்சி, ஃபாரம் பிரிக்காண்டாம், முதுகையும் வெட்டாண்டாம்” என்று நேரில் சொல்வதோடு, ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

மேல்முனை வழவழவென்று ஒரே வெட்டாகத் தெரிந்தால் அது பசை மட்டும் வைத்த புத்தகம். சூட்டில் உருக்கி வைக்கிற அந்தப் பசை வருடம் போகப்போக மொறுமொறுப்பாகி, விரிக்கும்போது உடைந்து, தாள் கொத்தாகக் கையோடு வரும். இதற்கு விசிறிப் பசை முறை பொருந்தும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, தாளடுக்கை லேசாக இறுக்கி, முதுகை ஒரு பக்கம் விசிறி மாதிரிச் சாய்த்துப் பசை தடவுவார்கள். பிறகு மறுபக்கம் சாய்த்து இன்னொரு தடவை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழை அகலத்துக்குப் பசை ஏறும். மேலே மல்துணிப் பட்டை ஒட்டினால் முடிந்தது. பசை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை காய்ந்தால் விறைத்துப்போகும். வளைந்து கொடுக்கிற, புத்தகத்துக்கான பசைதான் வேண்டும். “தைச்சாத்தான் நிக்கும் பாத்துக்கிடுங்க” என்று பதில் வந்தால், அந்தக் கடையில் இந்த வேலை பழக்கமில்லை என்று புரிந்துகொண்டு வேறு இடம் பாருங்கள்.

கம்பி அடித்த பழைய பிரதி என்றால் கம்பியைப் பிடுங்காமல், இருபுறமும் நிமிர்த்தி மெல்ல எடுக்க வேண்டும். கடற்காற்றில் துருவேறிய கம்பி சுற்றியுள்ள தாளையும் தின்றிருக்கும், இழுத்தால் கிழியும். வீட்டிலேயே செல்லோ டேப் ஒட்டிக் கொடுக்காதீர்கள். அதன் பசை மஞ்சளாகிக் கசிந்து எழுத்தின் மேல் படரும்.

ஓரம் வெட்டுவதில்தான் மனசு அதிகம் நோகும். மூன்று பக்கமும் மிஷினில் வெட்டி ஒழுங்குபடுத்துவது வழக்கம். ஒரு நூல் அளவுக்கு மேல், அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பக்க எண் போய்விடும், பென்சில் குறிப்பு பாதியில் அறுபடும். வெட்டவே வேண்டாம் என்று சொல்வது உத்தமம். பழைய மேலட்டையையும் பத்திரமாகக் கேட்டு வாங்குங்கள். ஓவியர் வரைந்த அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு மொட்டைச் சிவப்புத் துணி போடுகிற கடைகள் உண்டு. அட்டையை முதல் தாளாக உள்ளே சேர்த்துத் தைக்கச் சொல்லலாம். லாமினேஷன் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஏறிய அட்டை ஈரக் காற்றில் சுருளும்.

காலமும் முக்கியம். தை முதல் மாசி வரை கொடுங்கள், பங்குனியும் பரவாயில்லை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் ஒட்டிய அட்டை ஒரு நாள் அமுக்கில் இருந்தால் போதாது. ஈரத்தோடு எடுத்தால் துணிக்கு உள்ளே இருக்கும் ஸ்ட்ரா போர்டு அட்டை வில்லாக வளையும், உள்தாளின் அடியில் பூசணம் பிடிக்கும். மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்காகத்தான். கலக்காவிட்டால் இராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். துத்தம் கூடிப்போனால் நாளடைவில் தாள் பழுப்பேறி நொறுங்கும்.

தின்பண்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த பைண்டராலும் எடுக்க முடியாத கறை அதிலிருந்துதான் வருகிறது. தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் பட்ட தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடுத்த பக்கத்து எழுத்தும் தெரியும். படிக்கும்போது மட்டிப்பழம் நல்ல துணை. சின்னது, தோல் எளிதாக உரியும், விரலில் எண்ணெய் ஒட்டாது, வாசனையும் அருமை.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே பக்க எண்களை வரிசையாகப் பாருங்கள். ஃபாரம் தலைகீழாகச் சேர்வது உண்டு. வீட்டுக்கு வந்ததும் நடுவில் பிளக்காதீர்கள், புது முதுகு உடையும். மேசையில் முதுகை ஊன்றி நிறுத்தி, முன்னாலிருந்து பத்துப் பதினைந்து தாள், பின்னாலிருந்து அதே அளவு என்று மாற்றி மாற்றி விரித்து, பள்ளத்தில் விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள்.