இளைஞர் மாலை: பந்தா, வினாவிடையா, கூத்தா?

மட்டக்களப்பில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளைஞர் ஒன்றியம் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சிக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், திரும்பத் திரும்ப வருவது மூன்று யோசனைகள்: மைதானத்தில் விளையாட்டு, மண்டபத்தில் வேதாகம வினாவிடை, மேடைக்கு ஒரு கூத்து. படம் போடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அதை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வீட்டில் தொலைபேசியில் பார்க்கக்கூடியதை இங்கே இருட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் பிள்ளை திரும்பிப் போகும்.

மற்ற மூன்றையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். யாரையும் தெரியாமல் புதிதாக வந்து நிற்கும் கூச்சமுள்ள பிள்ளைக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?

ஆள் சேர்ப்பதில் விளையாட்டை மிஞ்ச எதுவுமில்லை. புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைக் குருக்கள் வளர்த்த கூடைப்பந்து இந்த ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில் மைதானமே இருக்கிறது. ஆனால் கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு 5 பேர், வலைப்பந்தில் 7 பேர். நாற்பது பேர் வந்தால் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆடுபவர்களிலும் ஒருவன் இருப்பான்: பந்து கைக்கு வந்ததும் பதறி, பார்க்காமலே அடுத்தவனிடம் தள்ளிவிட்டுக் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வான். அடுத்த மாதம் அவன் வரமாட்டான். விளையாட்டுத்தான் என்று முடிவெடுத்தால், கோட்டில் நிற்பவரின் கையில் அகப்படாமல் தட்டுகளை (கட்டங்களை) கடந்து போகும் கிளித்தட்டைப் போடுங்கள். நிலத்தில் கோடு கிழித்தால் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம், தட்டைக் கூட்டிக்கொண்டே போனால் நிறையப் பேர் இறங்கலாம். மாரியில் மைதானம் வெள்ளக்காடாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வினாவிடைக்கு மழையும் தடையில்லை, செலவும் இல்லை. தாளும் பேனாவும் போதும். அதன் நோய் வேறு: எப்போதும் அதே நான்கு பேர்தான் வெல்வார்கள், பெரும்பாலும் மறைக்கல்வி ஆசிரியர்களின் பிள்ளைகள். பிறந்த மாதத்தைக் கொண்டு குழு பிரித்தால் இது ஓரளவு தணியும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் நண்பர்களையும் அழைத்தால் இன்னொரு கவனம் வேண்டும். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66. அந்த 66-இல் இல்லாத தோபித்து நூலிலிருந்தும் மக்கபேயர் நூலிலிருந்தும் கேள்வி கேட்பது அவர்களுக்கு அநியாயம். அதைவிட ஊர்ச் சரித்திரத்தைக் கேளுங்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து பாடசாலை தொடங்கிய ஆண்டு (1814), மட்டக்களப்பு தனி மறைமாவட்டமான ஆண்டு (2012), நம் ஆலய மணி வந்த கதை. கடைசிக் கேள்விக்கு விடை தேட அம்மம்மாவிடம்தான் போக வேண்டும் என்பதற்காகவே அதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

என் வாக்கு கூத்துக்குத்தான். மட்டக்களப்பில் கூத்துப் பழக்குவதற்கென்று ஓர் ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் கொடுத்தலில் தொடங்கி, சதங்கை அணிதல், வாரந்தோறும் கூடிப் பழகும் கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை என்று போய் அரங்கேற்றத்தில் முடியும். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆட வராதவர் பிற்பாட்டுப் பாடலாம், பாட வராதவர் தாளம் பிடிக்கலாம், அதுவும் வேண்டாம் என்பவர் உடுப்புத் தைக்கலாம். மண்டபத்தின் ஓரத்தில் வாய் திறக்காமல் இருக்கும் பெண்பிள்ளையின் கையில் தாளத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதல் கிழமை மத்தளத்துக்குப் பின்னால் இழுபடுவாள். போகப் போக, அரசன் வேடக்காரன் அடி தவறும்போது எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முன்பு ஆண்களே பெண் வேடமும் கட்டினார்கள். இன்று பெண்பிள்ளைகளையும் களரியில் (கூத்தாடும் அரங்கில்) இறக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

சிரமம் இல்லாமல் இல்லை. மாதம் ஒருமுறை கூடுவது போதாது, கிழமைதோறும் கூட வேண்டும். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் பாதிப் பேர் வகுப்புக்குப் போய்விடுவார்கள். முக்கிய வேடக்காரனுக்குக் கட்டார் விசா வந்துவிடலாம். ஆகவே பெரிய பாத்திரம் ஒவ்வொன்றையும் இருவர் பழக வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தை அப்படியே எடுக்காமல், யோசேப்பின் கதை போன்ற ஒன்றை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் சில ஏற்பாடுகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும்; நாலு மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடித்தால்தான் பெண்பிள்ளைகளை வீட்டில் மனம் ஒப்பி அனுப்புவார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருபவர்களின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்ட பிறகே நேரத்தை அறிவிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுத் தாக்குதலில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. வாசலில் பெரியவர்கள் நிற்க வேண்டும், வந்தவர் பெயரையும் போனவர் பெயரையும் எழுத வேண்டும்.

நத்தாருக்கு அரங்கேற்றம் என்றால் ஆடி மாதத்திலேயே சட்டம் கொடுத்துவிடுவது நல்லது. அண்ணாவியார் கிடைக்கும்வரை வினாவிடையும் கிளித்தட்டும் மாறி மாறி நடக்கட்டும். அதற்கிடையில் பங்கில் மத்தளம் அடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்று வீடு வீடாக விசாரியுங்கள்.