வீட்டுப் பயிற்சிக்கு ஏர் பிஸ்டல்: பம்பா, சிலிண்டரா, கேஸா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்துகொண்டு வீட்டிலேயே 10 மீட்டர் பிஸ்டல் பயிற்சி செய்ய நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை ஒரே இழுப்பில் காற்றடைக்கும் பம்பு வகைதான். நான் எடுத்ததும் அதுவே.

பம்பு, சிலிண்டர், கேஸ் மூன்றுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 4.5 மி.மீ. பெல்லட் (ஈயக் குண்டு), அரை கிலோவுக்குக் குறையாத டிரிக்கர் எடை (டிரிக்கரை இழுக்கத் தேவையான விசை), ஒன்றரை கிலோவைத் தாண்டாத பிஸ்டல் என்பவை போட்டி விதிகள். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஆறு ஜூலுக்கும் குறைவு. 2016 ஆயுத விதிகளில் உரிமம் தேவைப்படாத வரம்பு 20 ஜூல். ஆனாலும் பில்லைப் பத்திரமாக வையுங்கள். நாட்டுத் துப்பாக்கிப் பேச்சு அடிபடும் ஊர்களில் பிஸ்டல் வடிவத்தில் எது இருந்தாலும் கேள்வி வரும். குறி நேர்த்தியில் நல்ல பம்பு பிஸ்டலுக்கும் சிலிண்டர் பிஸ்டலுக்கும் வீட்டுப் பயிற்சி அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது.

முடிவு செய்ய வேண்டியது காற்று எங்கிருந்து வரும் என்பதைத்தான்.

முன்கூட்டியே காற்றை நிரப்பி வைக்கும் சிலிண்டர் வகைக்கு, அதாவது பி.சி.பி.க்கு, 200 பார், அதாவது சுற்றியுள்ள காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் அதன் பக்கத்தில்கூட வராது. மிஞ்சுவது உயர் அழுத்தக் கைப்பம்பு, அல்லது பெங்களூரு வரை போய் நிரப்பி வருவது. கைப்பம்பில் அடித்தால் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து இறுகித் தண்ணீராகும். ஐப்பசி மழையில் இது இன்னும் அதிகம். ஈரம் உறிஞ்சும் மணிகளை அடிக்கடி மாற்றாவிட்டால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைக் கெடுக்கும். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடவும் கூடாது. 25 டிகிரியில் 200 பார் இருந்தது, உள்ளே 60 டிகிரி ஆனால் ஏறக்குறைய 223 பாருக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெல்டிங் பட்டறை. ஓசூரிலோ பாலக்கோட்டிலோ ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதிலிருந்து நிரப்பினால் என்ன என்று தோன்றும். செய்யவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் ஓ-ரிங்கில் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தடவிய கொஞ்சம் கிரீஸ்கூடப் பற்றி வெடிக்கும், பிஸ்டலோ கைக்குள் இருக்கும். சுத்தமான, உலர்ந்த காற்று மட்டுமே. சிலிண்டரின் ஆயுளும் தயாரித்த தேதியிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டுதான். அதைத் தாண்டிய சிலிண்டருக்குப் போட்டியில் அனுமதி இல்லை. பழைய பி.சி.பி. மலிவாக வந்தால் முதலில் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள்.

பம்பு வகையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்று, அதே இறுக்கம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: நெம்புகோலை முழுதாகத் திறந்து, நிறுத்தாமல் மூடி, அதன் பிறகே பெல்லட். பாதியில் கை நழுவினால் நெம்புகோல் திரும்பி அடித்து விரலை நசுக்கும். அந்த நேரம் குழலில் பெல்லட் இல்லாமல் இருப்பது நல்லது. காற்று கசியாமல் தடுக்கும் சீலுக்கு ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் போதும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். காற்றடைத்த நிலையில் இரவு முழுக்க வைத்தாலும் சீல் தளரும்.

குறையும் உண்டு. 60 குண்டுக்கு 60 முறை காற்றடிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் தோள் கனக்கும், ஒவ்வொரு முறையும் பிடியைப் புதிதாக அமைக்க வேண்டும். மாநிலப் போட்டிக்குத் தினமும் நூறு குண்டு சுடுபவர் என்றால் என் பரிந்துரையை விட்டுவிட்டு பி.சி.பி. வாங்குங்கள்.

கார்பன் டை ஆக்சைடில் இயங்கும் கேஸ் வகையை நம் ஊர் வெயிலில் நீண்ட காலம் ஓட்டிய பழக்கம் எனக்குக் குறைவு. ஆனால் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். மார்கழிக் காலையில் ஓசூரில் சரிசெய்த குறி, சித்திரை மதியம் தருமபுரியில் மேலே ஏறிவிடும்.

எதை வாங்கினாலும் இலக்குக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கட்டும், கதவு வேண்டாம். பெல்லட் பிடிக்கும் பெட்டியின் இரும்புத் தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக நின்றால் ஈயம் தெறித்துத் திரும்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள், சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

பழைய பம்பு பிஸ்டல் வாங்குவதானால், ஒவ்வொன்றுக்கும் காற்றடித்தவுடனே சுட்டு ஐந்து குண்டு போடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் காற்றடித்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து ஐந்து குண்டு. இலக்கில் இரண்டாவது ஐந்தின் துளைகள் தெளிவாகக் கீழே இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. புது சீலின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.