களியக்காவிளை பிளேன் டிக்கெட் கடை: 5க்கு 4 ஸ்டார்

கடை பேரு போடல. போட்டா கடைக்கார அண்ணன் திட்டுவாரு, ஓணம் சீசன்ல இப்பவே கூட்டம் தாங்கல. களியக்காவிளைல பார்டர் தாண்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, வாழைக்குலை தொங்குற கடைக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவுல, ஒருச்சாய்ச்சு தான் உள்ள நுழைய முடியும், அந்தக் கடை தான். நம்ம ஆளுகளுக்கு சொன்னா புரியும்.

நான் ஆப்ல டிக்கெட் போடுற ஆளு. 350 ரூவா சர்வீஸ் சார்ஜ் எதுக்கு அழணும்னு தான் இத்தன வருஷம் இருந்தேன். போன மாசம் சித்தி மவன் ஷார்ஜாவுக்கு திரும்பிப் போகணும், நான் ஃபோன்ல தேடித்தேடி ஒரு விலைய பிடிச்சு வச்சுட்டேன், காசு கட்டப் போற நேரத்துல அவன் "எதுக்கும் அண்ணன்ட்ட ஒருக்கா கேட்டுருவோம்"ன்னான். அண்ணன் என் ஃபோன வாங்கி மூக்குக்கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு பாத்தாரு, பத்து செகண்ட் கூட இருக்காது, "மக்கா இதுல கைப்பை மட்டும் தான், பெட்டி கிடையாது, இவன் சிப்ஸ் மட்டுமே நாலு கிலோ கொண்டு போவானே"ன்னாரு. பெட்டிக்கு தனியா கட்டினா என் விலை அவரு சொன்னத விட ஆயிரத்துச் சொச்சம் கூட. அன்னைல இருந்து நான் அண்ணன் கட்சி.

ஆனா நான் இத எழுத உக்காந்தது அந்தக் கடையோட கதவுக்காக. கண்ணாடிக் கதவு, அதுல பூரா ஏர்லைன் ஸ்டிக்கர். சகாரா, டெக்கான், கிங்ஃபிஷர், ஜெட், பாரமவுண்ட், கோ ஏர், விஸ்தாரா. கிங்ஃபிஷரோட செவப்பு வெயில்ல வெளிறி ரோஸ் ஆயிருச்சு, டெக்கான்ல பாதி எழுத்து உரிஞ்சு போச்சு. இதுல ஒண்ணு கூட இப்ப பறக்கல. ஏன்ணே இன்னும் சுரண்டி எடுக்கலன்னு கேட்டா "சுரண்டுனா கண்ணாடில கோடு விழும்லே, கெடக்கட்டு"ன்னு முடிச்சுட்டாரு. கீழ ஓரத்துல ஒரு கை அளவு எடம் காலியா விட்டு வச்சிருக்காரு, அது ஏர் கேரளாவுக்காம். வரும் வரும்னு நாங்களும் எத்தன வருஷமா கேட்டுட்டு இருக்கோம்.

பிரிண்டர் சூடாகுற நேரத்துல அவரு ஒவ்வொரு ஸ்டிக்கரா காட்டி சொல்ற கதை தான் கடையோட ஸ்பெஷல் ஐட்டம். மொதல்ல ஸ்டிக்கர் இல்லாத ஒரு கம்பெனில ஆரம்பிப்பாரு, ஈஸ்ட் வெஸ்ட். நம்ம பக்கத்து வர்க்கலைக்காரரு தக்கியுத்தீன் வாஹித், 1992லயே பிளேன் ஓட்ட ஆரம்பிச்சவரு, 1995ல மும்பைல சுட்டுக் கொன்னுட்டாங்க, அடுத்த வருஷமே கம்பெனியும் படுத்துருச்சு. இதச் சொல்லும்போது மட்டும் அண்ணன் குரல் இறங்கிரும்.

அப்புறம் 2007. அந்த ஒரே வருஷத்துல ஜெட்டு சகாராவ 1,450 கோடிக்கு வாங்குது, கிங்ஃபிஷர் டெக்கான்ல பங்கு வாங்குது, அரசாங்கம் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒண்ணாக்குது. எல்லாரும் பிளேனுக்காக வாங்குறான்னு தான் நான் நெனச்சேன். அண்ணன் சிரிச்சுட்டு சொன்னாரு, அப்போ ஒரு ரூலு இருந்துச்சாம், உள்நாட்டுல அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கணும், 20 பிளேன் வச்சிருக்கணும், அதுக்கப்புறம் தான் வெளிநாடு போகலாம். கிங்ஃபிஷர் ஆரம்பிச்சது 2005, டெக்கான் 2003. டெக்கான வாங்கினா ரெண்டு வருஷம் மிச்சம், 2008 செப்டம்பர்லயே பெங்களூர்ல இருந்து லண்டன் போயிட்டாங்க. அதாவது வாங்கினது கம்பெனிய இல்ல, வயச. இந்த ஒத்த வரிக்காகவே 350 ரூவா தரலாம்னு எனக்கு தோணுச்சு. அந்த அஞ்சு வருஷ ரூல 2016ல எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள கிங்ஃபிஷரே இல்ல, 2012 அக்டோபர்லயே நின்னு போச்சு. ஜெட்டு 2019 ஏப்ரல் 17. கோ ஏர், கடைசில கோ ஃபர்ஸ்ட்னு பேர மாத்தினது, 2023 மே.

டாடா கதை எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் கணக்கு கேளுங்க. அரசாங்கம் வித்தப்ப ஏர் இந்தியாவுக்கு டாடா விலை கேட்டது 18,000 கோடி, அதுல ரொக்கம் 2,700 கோடி தான், மிச்சம் 15,300 கோடி கடன ஏத்துக்கிட்டது. போட்டிக்கு நின்ன ஸ்பைஸ்ஜெட் அஜய் சிங் தரப்பு 15,100 கோடி கேட்டாங்க. 2022 ஜனவரி 27ல கைமாறிச்சு. அதோட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் போச்சு, 2005ல அதோட மொத ஃப்ளைட்டே நம்ம திருவனந்தபுரத்துல இருந்து அபுதாபிக்கு தான், இத எங்க ஊர்ல யார்ட்ட சொன்னாலும் கொஞ்சம் நெஞ்ச நிமித்துவாங்க. 2024 அக்டோபர்ல ஏர் ஏசியா இந்தியா அதுக்குள்ள கரைஞ்சுது, நவம்பர் 12ல விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள்ள. கொஞ்ச நாளு டிக்கெட்டுல ஃப்ளைட் நம்பர் ஏஐ 2ல தொடங்கி நாலு இலக்கமா இருந்தா அது பழைய விஸ்தாரா பிளேன், சாப்பாடு நல்லாருக்கும்னு அண்ணன் பாத்து போட்டுத் தருவாரு. ஆப்பு இதெல்லாம் சொல்லாது.

இப்போ உள்நாட்டுல நூறு பேரு பறந்தா அறுபதுக்கு மேல இண்டிகோல, மிச்சத்துல பெரும்பங்கு டாடால. ஆகாசாவும் ஸ்பைஸ்ஜெட்டும் ஓரமா. அதோட விளைவு 2025 டிசம்பர் மொத வாரத்துல தெரிஞ்சுதுல்லா, பைலட் ரெஸ்ட் ரூல்ல இண்டிகோ மாட்டி ஆயிரக்கணக்குல ஃப்ளைட் கேன்சல், மத்தவன் ரேட்டு எகிறி, கடைசில அரசாங்கமே 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூவாக்கு மேல கூடாதுன்னு கட்டிப்போட வேண்டியதாச்சு. இதுக்காக கம்பெனிங்க ஒண்ணா சேர்றதயே தடுக்கணுமான்னா அதுவும் எனக்கு தெளிவா இல்ல. அமெரிக்காவுல ஜெட்ப்ளூ ஸ்பிரிட்ட வாங்கப் போனப்ப டிக்கெட் விலை ஏறும்னு 2024 ஜனவரில கோர்ட்டு தடுத்துச்சு, அதே நவம்பர்ல ஸ்பிரிட்டு திவால் மனு. அண்ணன்ட்ட கேட்டேன், "நீ சாயா குடி"ன்னாரு.

கல்ஃப் ரேட்டு ஏன் எறங்கலங்கறதுக்கு மட்டும் அவர்ட்ட பதில் இருக்கு. துபாய்க்கு ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி ஒவ்வொரு பக்கத்து கம்பெனிகளுக்கும் வாரத்துக்கு சுமார் 65,000 சீட்டு தான், பல வருஷமா அதே கணக்கு. எமிரேட்ஸ் இன்னும் பிளேன் விடத் தயாரு, சீட்டு இல்ல. ஆளு மட்டும் கூடிட்டே போகுது.

இன்னொண்ணு, டிக்கெட்ட கையில தரும்போது ஒரு வரிய பேனாவால வட்டம் போட்டு தருவாரு, ஏர்போர்ட் யூஸர் ஃபீ. அதானி ஏர்போர்ட் ஆன பிறகு 2024 ஜூலைல திருவனந்தபுரத்துல உள்நாட்டுக்கு ஏறுறதுக்கு 770 ரூவா ஆக்குனாங்க, எறங்குறதுக்கும் தனியா. நீங்க போகாம விட்டா, நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டா இருந்தாலும் இந்தக் காசும் டாக்ஸும் திரும்ப வரணும், கேக்கணும், கேக்காம யாரும் தர மாட்டான். எனக்கு முன்னாடி எத்தன டிக்கெட்ல போச்சோ, சவத்த, நெனச்சா வயிறு எரியுது.

காலண்டர்ல பங்குனி ஆறாட்டு, ஐப்பசி ஆறாட்டு ரெண்டும் செவப்புல குறிச்சு வச்சிருக்காரு. அன்னைக்கு பத்மநாபசுவாமி கடல்ல நீராட சங்குமுகத்துக்கு திருவனந்தபுரம் ஏர்போர்ட் ரன்வே வழியா தான் போவாரு, சாயங்காலம் சில மணி நேரம் ஒரு பிளேனும் இல்ல. ஒருக்கா ஒரு கம்பெனி, பேரு வேண்டாம், என் சென்னை ஃப்ளைட்ட ராத்திரிக்கு தள்ளிட்டு மெசேஜ் கூட போடல. நெய்யாற்றின்கரை பிளாக்ல நிக்கும்போது அண்ணன் தான் கூப்பிட்டு சொன்னாரு, திரும்பிப் போயி வீட்டுல சாப்பிட்டுட்டு கிளம்பினேன்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா ரீஃபண்டு. ஒரு மாசம் இழுத்தடிப்பாரு. ஏஜென்ட் வழியா போட்டாலும் பொறுப்பு ஏர்லைனோடது தான்னு அவரே சொல்லுவாரு, ஆனா காசு வந்தாச்சான்னு நாம தான் நாலு வாட்டி போகணும். ஃபேனும் ஓடாது.

ஞாயித்துக்கிழமை லீவு. மதியம் ஒன்றரைக்கு மேல மூணு வரைக்கும் சாப்பாட்டுக்கு போயிருவாரு. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வேண்டாம், போட்டோ வாட்ஸப்ல அனுப்பினா போதும், வெளிச்சத்துல எடுங்க, சித்தி மவன் மாதிரி பெரு விரல பேருக்கு மேல வச்சு எடுக்காதீங்க.