பள்ளிக் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் மின்ட்: ஒரு மதிப்பாய்வு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தேவைப்படும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத பழைய மேசைக் கணினிகளை வைத்திருக்கும் பள்ளிகள் அவற்றைக் கழித்துக்கட்டுவதா, பாதுகாப்பின்றி ஓட்டுவதா என்று திகைக்கின்றன. வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆய்வகக் கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எடை குறைந்த பதிப்பை நிறுவ உதவியவன் என்ற முறையில், அது வகுப்புக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதை எழுதுகிறேன்.

மின்டுக்குக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் நல்லது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான சேமிப்பகங்கள்தான் பள்ளிக்கு ஏற்பட்ட ஒரே செலவு. கணினிகள் வேகமாக இயங்குவதில் பாதிப் பெருமை அவற்றுக்கே சேர வேண்டும். ஆவணம், விரிதாள் தயாரிக்கும் லிப்ரே ஆபிஸ் கூடவே வருகிறது. தொடக்க வகுப்புகளுக்கான ஜிகாம்ப்ரி கல்வி விளையாட்டுகள், டக்ஸ் பெயின்ட் ஓவியச் செயலி ஆகியவற்றை மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். கணித ஆசிரியர்கள் விரும்பிக் கேட்கும் ஜியோஜீப்ராவும் லினக்ஸில் இயங்கும். ஆனால் அது வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன் வருவதால், யாரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை.

ஆய்வகத்தை நடத்தும் ஆசிரியருக்கு மின்ட் தரும் பெரிய நிம்மதி அதன் விருந்தினர் அமர்வுதான். உள்நுழைவு அமைப்புகளில் இதை இயக்கி வைத்தால், மாணவர் திரையின் பின்னணிப் படத்தை மாற்றினாலும் சின்னங்களை இடம் மாற்றினாலும், வெளியேறியதும் அனைத்தும் அழிந்து அடுத்த வகுப்புக்குக் கணினி புதிதாக நிற்கும். மாணவர் செய்த பயிற்சியும் அதோடு அழிந்துவிடும் என்பதால், கோப்புகளைச் சேமிக்க வலையமைப்பில் ஒரு பொதுக் கோப்புறையை முதல் நாளே ஏற்படுத்திவிட வேண்டும். அமைப்பே பழுதானால் டைம்ஷிஃப்ட் என்னும் கருவி முந்தைய நிலைக்கு மீட்டுத் தருகிறது. எபோப்டிஸ் என்னும் கருவியைச் சேர்த்துக்கொண்டால் எல்லாத் திரைகளையும் ஆசிரியர் தம் இருக்கையிலிருந்தே பார்க்கலாம், பூட்டலாம். பாடம் நடத்தும்போது திரைகளைப் பூட்டுவதால் கிடைக்கும் அமைதிக்கு வேறு பரிந்துரை வேண்டியதில்லை.

தமிழைப் பொறுத்தவரை பாராட்டும் குறையும் கலந்தே இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்ததும் மாணவர்கள் சிக்கலின்றித் தட்டச்சு செய்கிறார்கள். இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினால் பாதிப் பட்டியல் தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் நிற்பதால் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டோம். தமிழ்வழிப் பள்ளி ஒன்றுக்கு இது சிறிய குறையல்ல.

கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் செலவு மிச்சம் என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். உரிமமின்றி நகலெடுத்த மென்பொருளையே பழகிவிட்ட இடத்தில் அந்த வாதம் எடுபடாது. காசே கொடுக்காதவரிடம் காசு மிச்சம் என்றால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது? வகுப்பில் கற்ற அதே மென்பொருளைப் பென் டிரைவில் மாணவருக்குச் சட்டப்படி கொடுத்தனுப்பலாம் என்பதும், மின்ட் 22-க்கான புதுப்பிப்புகள் 2029 வரை கிடைக்கும் என்பதும் தலைமையாசிரியர்களிடம் நன்றாக எடுபடுகின்றன. பாடத்திட்டமும் இதற்குத் துணை நிற்கிறது: மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓப்பன் ஆபிஸ் ரைட்டரைக் கற்பிக்கிறது, அதிலிருந்து 2010-இல் கிளைத்ததே லிப்ரே ஆபிஸ், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது.

ஆயினும் நிறுவித் தருவதோடு வேலை முடிந்துவிடாது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. எனக்குத் தெரிந்த மாணவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேரளத்தில் 2001-இல் தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், ஆசிரியர் பயிற்சியையும் பாடநூலையும் மென்பொருளோடு பிணைத்ததால் அங்கே லினக்ஸ் வகுப்பறையில் வேரூன்றியது. இங்கே அந்த இடத்தைச் சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வலர்கள் ஓரளவு நிரப்பலாம். ஆனால் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் பொறுப்பேற்காவிட்டால், முதல் பழுதிலேயே விண்டோஸ் திரும்பிவிடும்.

ஆய்வகத்துக்கு மின்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அலுவலக அறைக்கு இப்போதைக்கு வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் தரவுத் தளமான எமிஸ் உலாவியிலேயே இயங்குவதால் அது தடையில்லை. தடையாக இருப்பவை வினாத்தாள்களே: அவை ஆண்டுக்கணக்காக யூனிகோடு அல்லாத வானவில், பாமினி எழுத்துருக்களில் சேர்ந்து கிடக்கின்றன, தட்டச்சுக்குப் பழகிய என்.எச்.எம். ரைட்டர் என்னும் மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே இயங்குவது. அக்கோப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பருவத் தேர்வுக்காவது அதில் வினாத்தாள் தயாரித்துப் பார்த்து, அலுவலக அச்சுப்பொறிக்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்பதையும் உறுதிசெய்த பிறகு அந்தக் கணினியில் கைவைக்கலாம்.