அம்மா வீட்டுத் தரையில் ஏழு டைல்

மெல்பர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் பினாங்கு வந்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் ஜெலுத்தோங்கில் அம்மா வீட்டில்தான் வழக்கமாகத் தங்குவார்கள். அதற்குள் ஹால் தரையைச் சரி செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பின்வாசல் பக்கமிருந்து ஏழு டைல்கள் வரிசையாக வெடித்திருந்தன. அம்மா வெறுங்காலோடு நடப்பவர். ஒரு முனை பெயர்ந்து ஏற்கெனவே காலைக் கிழித்துவிட்டது.

முதலில் வந்த குத்தகைக்காரர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஹால் முழுவதையும் உடைக்க வேண்டும், 7,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார். இரண்டாமவர் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்து வந்தார். பழைய டைல் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்றார். கீழே என்ன கோளாறு என்று இருவருமே பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மூன்றாமவர் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வந்த பெரியவர். வந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்து, ஸ்குரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக் கேட்டார். வெடித்தவற்றில் பொள்ளென்று சத்தம், மற்றவற்றில் கெட்டிச் சத்தம். “ஒரே கோட்டுல ஏழு டைல் எப்படித் தம்பி சேர்ந்து வெடிக்கும்? அடி காங்கிரீட்டுல கீறல் இருக்கு” என்றார்.

பக்கத்து டைல்கள் சிதறாமலிருக்க முதலில் இணைப்புகளை அடைத்திருந்த கலவையை, அதாவது கிரௌட்டை, சுரண்டி எடுத்தார். பிறகு வெடித்த டைலை நடுவில் உடைத்து ஓரத்தை நோக்கி வந்தார். அவர் சொன்னபடியே காங்கிரீட்டில் ஒரு கீறல் ஓடியது. அலுமினியச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டம்தானா என்று பார்த்தார். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மண் அமுங்குகிறது என்று அர்த்தமாம். அப்படியென்றால் இன்ஜினியரைக் கூப்பிடாமல் கை வைக்க மாட்டேன் என்றார். நல்லவேளை, மட்டம் சரியாகவே இருந்தது. “ரெண்டு வருஷமா அந்தக் கோடு தையல் மெஷின் கால் கிட்டயே நிக்குது, ஒரு அங்குலம்கூட நகரல” என்றார் அம்மா. பெரியவருக்கு முகம் மலர்ந்தது. “அக்கா, இதுதான் எனக்கு வேணும்.”

காங்கிரீட் லேசாக அசைந்தாலும் அது டைலுக்கு ஏறாமல் தடுக்க, ரப்பர் போலக் காயும் பூச்சை இரண்டு தடவை பூசினார். கீறலுக்கு இரண்டு பக்கமும் ஒரு டைல் அகலத்துக்கு அது பரவ வேண்டுமாம். அதனால் பக்கத்தில் இருந்த இரண்டு வரிசைகளையும் எடுக்க வேண்டியதாயிற்று, மொத்தம் 21 டைல். ஸ்டோரில் அப்பா மிச்சம் வைத்திருந்தவை 11 மட்டும்தான். அந்த ரகம் இப்போது கடையில் இல்லை. ஒட்டுப் போட்ட மாதிரி தெரியக் கூடாது என்று அம்மாவே கரும்பச்சை டைலைத் தேர்ந்தெடுத்தார். மூன்றடி அகலம், ஏழடி நீளம், பாய் விரித்த மாதிரி அழகாக இருக்கிறது.

ஒட்டி 24 மணி நேரம் யாரையும் மிதிக்க விடவில்லை. அப்புறம்தான் கிரௌட். கீறலை ஒட்டிப் போகிற இணைப்பில் மட்டும், கொஞ்சம் அசைய இடம் இருக்கட்டும் என்று அதே நிறச் சிலிக்கோன் அடைத்தார். பொருள், கூலி எல்லாம் தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தார், 900 வெள்ளி.

புதியதில் மிஞ்சிய நான்கு டைலையும் அப்பாவின் 11 டைலோடு ஸ்டோரில் வைத்து, பெட்டி மேல் கடைப் பெயரையும் டைல் எண்ணையும் எழுதியிருக்கிறேன்.