பட்டியலைக் கைவிட்ட பிறகு பிடிபட்ட பிரேசல் வெர்ப்: இரண்டு வருட அனுபவம்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கணக்கும் ரீசனிங்கும் போட்டுப் போட்டுப் பார்த்ததில் கைக்கு வந்துவிட்டன. ஆங்கிலத்தில் பிரேசல் வெர்பும் (வினையோடு ஆஃப், அப் போன்ற சிறு சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவது) பிரிபொசிஷனும்தான் (அட், ஆன், இன் போன்ற சிறு சொற்கள்) இழுத்தடித்தன. தேர்வின் முதல் கட்டமான டயர் 1-ல் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். இரண்டாம் கட்டமான டயர் 2-ல் 45 கேள்வி, 135 மதிப்பெண். அங்கே ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். குத்துமதிப்பாக டிக் அடித்தால் கட்டுப்படியாகாது.

முதல் ஆறு மாதம் வெறும் மனப்பாடம். கோச்சிங் சென்டரில் 500 பிரேசல் வெர்ப் கொண்ட ஒரு பிடிஎஃப் கொடுத்தார்கள், ஆங்கில அகரவரிசையில். கால் ஆஃப், கால் ஆன், கால் ஃபார், கால் அப் என்று ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். காலையில் படித்ததைச் சாயங்காலம் யாராவது கேட்டால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். முகஜாடை ஒன்றாக இருக்கும் சொற்களை ஒரே நாளில் படித்ததுதான் கோளாறு. இது எனக்குப் புரிவதற்குள் அரை வருடம் போய்விட்டது.

மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒருநாள் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 'புட் ஆஃப்' கேள்வியில் தப்பு. பக்கத்து நாற்காலியில் படித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்து, "அதாம்மா, தள்ளிப்போடுறது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுட்டாங்கன்னு சொல்றோம்ல?" என்றார். எனக்கு எல்லாம் திறந்துகொண்டது அங்கேதான். தள்ளுவது தெரியும், போடுவது தெரியும். இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதாக ஓர் அர்த்தம் வருகிறது. பிறந்ததிலிருந்து நாம் பேசுவதே இப்படித்தானே!

அன்று சாயங்காலமே 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கிவ் இன் என்றால் விட்டுக்கொடுப்பது. லுக் ஆஃப்டர், பார்த்துக்கொள்வது. புட் அப் வித், பொறுத்துக்கொள்வது. ஃபைண்ட் அவுட், கண்டுபிடிப்பது. தமிழ் ஜோடி அமைந்த சொல் அதன்பிறகு எனக்கு மறக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஜோடி அமையாது. அமையாதவற்றுக்கு வீட்டில் நடந்த விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம் எழுதுவேன். 'தி பேங்க் டர்ன்டு டவுன் அப்பாஸ் லோன்' என்று எழுதிய நாளிலிருந்து டர்ன் டவுன் என்றால் மறுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பிரிபொசிஷன் கதை நேர் எதிர். அங்கே தமிழ்தான் காலை வாரும். வீட்டில், மேசையில், பெட்டியில் என்று 'இல்' ஒன்றே நமக்குப் போதும். ஆங்கிலத்தில் அதற்கு அட், ஆன், இன் என மூன்று. 'பஸ்ஸில் வந்தேன்' என்றால் அதே 'இல்' ஆங்கிலத்தில் 'பை' ஆகிவிடுகிறது. 'என்னைவிட சீனியர்' என்று நினைத்துக்கொண்டு 'சீனியர் தென் மீ' என்பதைச் சரி என்று விட்டிருக்கிறேன். 'சீனியர் டு மீ' என்று வர வேண்டும். 'பற்றி விவாதித்தார்கள்' மனதில் ஓடுவதால் 'டிஸ்கஸ்டு அபௌட்' காதுக்கு உறுத்துவதே இல்லை. டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் கூடாது. 'அவரோடு கல்யாணம்' என்பது 'மேரீட் வித்' ஆகிவிடும். சரியானது 'மேரீட் டு'. வாக்கியத்தில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் எரர் ஸ்பாட்டிங்கில் நான் 'நோ எரர்' போட்டுத் தோற்ற கேள்விகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் இந்த ரகம். அதனால் நோட்டின் பின்பக்கத்தைத் தப்புகளுக்கென்றே ஒதுக்கினேன். தமிழ் வாக்கியத்தை எழுதி, ஏமாற்றிய உருபைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கீழே சரியான ஆங்கில வாக்கியம். இரண்டு வருடத்தில் நான் செய்தவற்றுள் அதிகம் பலன் தந்தது இந்தப் பின்பக்கம்தான்.

திருப்பிப் பார்க்க ஆன்கி செயலி. கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று கார்டு போட்டுப் படிப்பது. ஆண்ட்ராய்டில் இலவசம். மறக்கும் கார்டை அடிக்கடியும் நினைவில் நிற்பதை எப்போதாவதும் காட்டும். முதலில் அது தினம் 20 புதுக் கார்டு என்றுதான் இருக்கும். அப்படியே விட்டால் இரண்டு வாரத்தில் பழைய கார்டுகளே மலையாகக் குவியும். நான் ஐந்தாகக் குறைத்தேன். ஒற்றைச் சொல்லைக் கார்டில் போடாதீர்கள். கோடிட்ட இடம் விட்ட முழு வாக்கியமாகப் போடுங்கள், தேர்வில் கேட்பதும் அப்படித்தான். வாக்கியமாகப் படித்ததால்தான் 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டது. 'லுக் ஃபார்வர்டு டு' வந்தால் அடுத்து 'மீட்' வராது, 'மீட்டிங்' வரும் என்பதும் அப்படித்தான்.

முன்பு மாக் டெஸ்டில் இந்தப் பகுதியில் ஐந்துக்கு இரண்டு சரியாக வந்தாலே அதிகம். இப்போது நான்கு வருகிறது. மிச்சமிருக்கும் அந்த ஒன்று பெரும்பாலும் அக்ரீ. ஆளோடு ஒத்துப்போனால் அக்ரீ வித், யோசனைக்குச் சம்மதித்தால் அக்ரீ டு, இரு தரப்பும் பேசி ஒரு தேதியை முடிவு செய்தால் அக்ரீ ஆன். எழுதும்போது தெளிவாகத்தான் இருக்கிறது, கடிகாரம் ஓடும்போது குழம்புகிறது. இந்த வாரமும் பின்பக்கத்தில் அக்ரீக்கு இரண்டு சிவப்பு வட்டம்.