அந்தியில் விழிக்கும் பர்க்ஸ் கிளி

அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராத கிளி எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது பர்க்ஸ் கிளியைத்தான். லவ் பேர்ட்ஸ், கொண்டையுள்ள காக்கட்டீல் கிளி அளவுக்கு இது நம் ஊரில் பிரபலமாகவில்லை என்பதில் எனக்கு வருத்தம். 1830களில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்த ரிச்சர்ட் பர்க்கின் பெயர் கொண்ட, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. வாலோடு சேர்த்தே எட்டு அங்குலம்தான். இயல்பான நிறம் பழுப்பு முதுகு, இளஞ்சிவப்பு வயிறு. விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை உடலெங்கும் ரோஜா நிறம் படர்ந்த ரோஸி வகை.

பகலில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நோய் என்று பயந்துவிடாதீர்கள். காட்டிலும் விடியும் முன்பும் இருட்டிய பிறகும்தான் தண்ணீருக்கு இறங்கும். கோவையில் எங்கள் பால்கனிக் கூண்டு விளக்கு வைக்கும் நேரத்தில்தான் களைகட்டுகிறது. ஆண் நெஞ்சை நிமிர்த்தி, தோளைச் சற்றே விரித்து, மெல்லிய குரலில் பாடும். பெட்டை உடலைத் தாழ்த்திக் கெஞ்சினால், தின்ற தினையைக் கக்கி ஊட்டும். அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

பேசும் கிளி வேண்டுமென்றால் இது வேண்டாம். கொஞ்சி விளையாடவும் எல்லாப் பறவையும் வராது.

இனப்பெருக்கத்துக்கு அருமையான பறவை. மூன்று முதல் ஆறு முட்டை வரை இடும். பெட்டை மட்டுமே சுமார் 18 நாள் அடைகாக்கும், ஆண் இரை ஊட்டும். ரோஸி ஆணைச் சாதாரண நிறப் பெட்டையோடு சேர்த்தால், ரோஸியாகப் பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் பெட்டை; நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம். ஆபத்து பிறகுதான் வருகிறது. நாலு வாரத்தில் முட்டையிட வைத்த பெட்டியை விட்டு வெளியேறும் குஞ்சு எதற்கெடுத்தாலும் மிரண்டு கம்பியில் மோதும். அந்த நாட்களில் கூண்டின் இரு ஓரங்களிலும் வேப்பங்கொத்து கட்டிவைப்பேன். இரவில் ஒரு சிறு விளக்கும் எரியும். ஆப்பிரிக்கன் லவ்பேர்டுகளோடு இவற்றைச் சேர்த்து விடவே கூடாது, அவை இவற்றின் கால்களைக் கடித்துவிடும். ஃபின்ச் என்ற சிறு குருவிகளோடு சண்டையில்லை.

நம் பச்சைக்கிளியை வளர்ப்பது சட்டப்படி குற்றம். பர்க்ஸ் வெளிநாட்டுப் பறவை என்றாலும், 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதையும் பதிவு செய்ய வேண்டும்; விற்பவரிடம் காகிதம் கேட்டு வாங்குங்கள். கடைக்கு மாலையில் போங்கள். நண்பகலில் எல்லாப் பர்க்ஸும் மந்தமாகத்தான் தெரியும். அந்தி நேரத்திலும் தீனித் தட்டுக்கு இறங்காத பறவையை வாங்காதீர்கள்.